பதினாறு கிலோமீட்டர் பாக்கி

நவம்பர் மாதம் முதல் தேதி காலையில், போடிநாயக்கனூரில் என் அத்தை வீட்டுச் சமையலறைக் காலண்டரின் தலையில் சிவப்பு மையால் 500 என்று பெரிதாக எழுதினேன்.

"என்னத்தா அது? பால்காரருக்குப் பாக்கியா?" என்று கேட்டாள் அத்தை.

"இல்லை, அத்தை. இந்த மாதம் நான் சைக்கிள் மிதிக்கப் போகிற கிலோமீட்டர்."

அத்தை தோசையைத் திருப்பிப் போட்டாள். பிறகு என்னை ஒரு முறை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "ஒனக்கு வயசு முப்பத்தாறு. முழங்கால் வலிக்குதுன்னு போன தடவை வந்தப்போதான் தைலம் வாங்கிட்டுப் போனே" என்றாள்.

வாஸ்தவம்தான். அந்தத் தைலப் புட்டிதான் இந்தச் சங்கல்பத்துக்கே காரணம். பத்திரிகை ஆபீசில் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதே காப்பிக்காகத்தான் என்று ஆகிவிட்ட பிறகு, ஏதாவது செய்யத்தானே வேண்டும்? ஒரு மாதம் போடியில் இருந்தபடியே எழுதி அனுப்புகிறேன் என்று ஆசிரியரிடம் கேட்டேன். "தாராளமாக! சைக்கிளைப் பற்றியும் ஒரு கட்டுரை வரட்டும். கீழே விழுந்தால் இரண்டு கட்டுரை!" என்று வாழ்த்தி அனுப்பினார்.

புது விரதம்

ஏகாதசி விரதம், சஷ்டி விரதம் மாதிரி இது ஒரு மாத விரதம். மாதம் பிறக்கும்போது "இந்த மாதம் இவ்வளவு கிலோமீட்டர்" என்று சங்கல்பம் செய்துகொள்ள வேண்டும். அப்புறம் போகிற தூரத்தையெல்லாம் கைபேசி கணக்கு வைத்துக்கொள்ளும். மாதக் கடைசிக்குள் முடித்துவிட்டால் கைபேசித் திரையில் ஒரு சின்னப் பதக்கம் பளபளக்கும். அதைக் கழுத்தில் போட்டுக்கொள்ள முடியாது. அவசரத்துக்கு அடகு வைக்கவும் முடியாது. ஆனாலும் அதற்காக உலகம் முழுவதும் லட்சக்கணக்கானவர்கள் விடியற்காலையில் எழுந்து மிதிக்கிறார்கள்.

இது கைபேசியோடு பிறந்த பைத்தியம் என்று நினைத்துவிட வேண்டாம். 1938-ஆம் ஆண்டில் பில்லி டோவி என்ற ஆங்கிலப் பெண்மணி, பின்னாளில் பில்லி ஃபிளெமிங் என்று அழைக்கப்பட்டவர், ஜனவரி முதல் தேதியிலிருந்து டிசம்பர் 31 வரை ஒரு நாள் தவறாமல் சைக்கிள் விட்டார். மூன்றே கியர் உள்ள வண்டி. போகிற இடத்தில் பார்த்தவர்களிடம் அட்டையில் கையெழுத்து வாங்கிக்கொள்வார், அதுதான் சாட்சி. வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால் 29,603 மைல். அதாவது சுமார் 47,600 கிலோமீட்டர். மாதத்துக்குச் சராசரி ஏறக்குறைய 4,000! பெண்களில் அந்தச் சாதனையை மிஞ்ச 2016 வரை ஒருவராலும் முடியவில்லை. அந்த அம்மாள் நூறு வயது வாழ்ந்து 2014-இல்தான் காலமானார்.

நாலாயிரம் எங்கே, என் ஐந்நூறு எங்கே! ஆனால் மடுவில் இருப்பவள் முதலில் மேட்டுக்கு வர வேண்டும் அல்லவா?

ஏலமும் ஏலமும்

போடிக்கு இப்போது ரயிலிலேயே வந்து இறங்கலாம். மதுரையிலிருந்து 1928-இல் போட்ட பழைய பாதை, 2010 முடிவில் அகலப் பாதை வேலைக்காக நிறுத்தப்பட்டது. பன்னிரண்டு வருஷங்களுக்கு மேல் காத்திருந்து, 2023 ஜூன் 15-ஆம் தேதிதான் ஊர் மக்கள் மறுபடி ரயிலைப் பார்த்தார்கள்.

ஊருக்குள் நுழைந்ததும் முதலில் வரவேற்பது வாசனை. மலைமேல் விளையும் ஏலக்காய் இங்கேதான் வந்து ஏலம் போகிறது. ஏலத்துக்கே ஏலம் போடும் ஊர் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். சல்லடையில் சலித்து, எட்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட முழுக் காயைத் தனியாக, சிறுத்ததைத் தனியாக, வெடித்ததைத் தனியாகப் பிரிக்கிற வேலையில் பெரும்பாலும் பெண்களைத்தான் பார்க்கலாம். நம் பாயசத்தில் விழுகிற ஒவ்வொரு ஏலக்காயும் எத்தனையோ வளைக் கைகளைத் தாண்டி வந்தது.

விடியற்காலை நான்கு மணிக்கே ஜீப்புகளின் சத்தம் கேட்கும். தலையில் துண்டும் கையில் தூக்குச் சட்டியுமாகப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறார்கள். ஊருக்கு மேற்கே முந்தலில் ரஸ்தா இரண்டாகப் பிரிகிறது. ஜீப்புகள் போவது போடிமெட்டுக்கு ஏறும் பதினேழு கொண்டை ஊசி வளைவுப் பாதை. மற்றொன்று கொட்டகுடி ஆற்றை ஒட்டிக் குரங்கணிக்குப் போகிறது. நான் தேர்ந்தெடுத்தது இரண்டாவதை. காரணம் தைரியக் குறைவு என்று அத்தை சொன்னாள். நான் மறுக்கவில்லை.

கணக்கும் ஒத்து வந்தது. போடியிலிருந்து குரங்கணி 16 கிலோமீட்டர். போய்த் திரும்பினால் 32. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போனால் மாதம் 480. மீதி இருபதைக் கடைத்தெருவுக்குப் போய் வந்தே சேர்த்துவிடலாம். காகிதத்தில் எல்லா மலையும் சமதரைதான்!

தேயிலை இறங்கிய வழி

அத்தை மகன் ஆசையாக வாங்கிவிட்டு மூன்றாம் நாளே மூலையில் சாத்தியிருந்த கியர் சைக்கிள் எனக்குக் கிடைத்தது. சைக்கிள் கடையில் பிரேக் கட்டையை மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டு, இரண்டு டயருக்கும் காற்று அடித்துக்கொண்டு கிளம்பினேன். முதல் நாள் முந்தலைப் பார்த்துவிட்டுத் திரும்பியதற்கே கால் இரண்டும் அடுத்த வீட்டுக் கால்கள் போல ஆகிவிட்டன. நாலாம் தடவைதான் குரங்கணி.

அந்த வழியை என்னவென்று சொல்வது! முதலில் தென்னையும் மாவும். பிறகு ரஸ்தா சத்தமில்லாமல் ஏறத் தொடங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத ஏற்றம் அது, முழங்காலுக்குத்தான் தெரியும். இடையிடையே இலவ மரங்கள். இந்த ஊர் இலவம் பஞ்சுத் தலையணையில் எத்தனை கல்யாண வீட்டுச் சீர்வரிசை தூங்கியிருக்கும்! ஒரு பக்கம் ஆறு பாறைகளுக்கிடையே பேசிக்கொண்டே வருகிறது. எதிரே மலை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உச்சியில் மேகத்தை முக்காடு போட்டுக்கொண்டு நிற்கிறது.

இதே வழிக்கு ஒரு பழைய கதை உண்டு. மூணாறுத் தோட்டங்களின் தேயிலையைக் கொண்டுவர 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள வண்டி போட்டார்கள். 1908-இல் அதைச் சிறு ரயிலாக மாற்றினார்கள். அது மலையுச்சியில் டாப் ஸ்டேஷன் வரை வரும். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிக் கயிற்றில் தொங்கிக்கொண்டு ஐந்து கிலோமீட்டர் கீழே கொட்டகுடிக்கு இறங்கும். உச்சி டாப் ஸ்டேஷன் என்றால் அடிவாரம் பாட்டம் ஸ்டேஷன் என்றே பெயர் வந்துவிட்டது. அங்கே மாட்டு வண்டி காத்திருக்கும். பதினைந்து கிலோமீட்டர் உருண்டு போடிக்கு வந்து, பிறகு கப்பலேறி, இங்கிலாந்துச் சீமாட்டிகளின் கோப்பைக்குப் போய்ச் சேரும். 1924-ஆம் வருஷத்துப் பெருவெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போயிற்று. நான் மூச்சு வாங்க மிதித்ததும் அந்த மாடுகள் நடந்த தூரம்தான். அவை ஒரு பதக்கமும் கேட்கவில்லை.

குரங்கணி சின்ன ஊர். ரஸ்தா முடிகிற இடத்தில் நாலு கடை, கொஞ்சம் வீடுகள், சுற்றிலும் காப்பியும் மிளகும். அதற்கு மேலே மலையூர்களுக்கு ஒற்றையடிப் பாதைதான். இந்தப் பெயரைக் கேட்டதும் பல வீடுகளில் இன்னும் மனசு பதறும் என்று தெரியும். 2018 மார்ச் 11-ஆம் தேதி இந்த மலைச் சரிவில் காட்டுத் தீ பரவி, மலையேற வந்தவர்களில் 20-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அவர்களில் பலர் இளம் பெண்கள். உத்தியோகம், வீடு என்று ஓடிய வாரத்தில் இரண்டு நாளைத் தமக்கென்று எடுத்துக்கொண்டு வந்தவர்கள். முதல் நாள் அந்தச் சரிவைப் பார்த்தபடி நான் வெகுநேரம் நின்றேன். பச்சை மறுபடி மூடியிருக்கிறது. பெற்றவர்கள் மனசு அப்படி மூடுமா?

"சும்மா"வின் மகிமை

முதல் வாரத்திலேயே ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்தேன். அதை வாசக சகோதரிகளுக்குச் சொல்லாமல் இருந்தால் பாவம்.

ஒரு நாள் வண்டியை எடுக்கும்போது, "எங்கேத்தா?" என்று அத்தை கேட்டாள். "சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருகிறேன்" என்றேன். அவ்வளவுதான். "சும்மாதானே போறே? அப்படியே மிஷினில் மாவு அரைச்சுட்டு வா. வர்ற வழியில கறிவேப்பிலை. பெரிய வீட்டு மதினிக்கு இந்தப் பாத்திரத்தைக் குடுத்துரு" என்று மூன்று வேலை வந்து விழுந்தது.

மறுநாள் அதே கேள்விக்கு, "இன்று 32 கிலோமீட்டர் பாக்கி, அத்தை" என்றேன். அத்தை வழிவிட்டு நின்றாள். "அப்படியா, பாத்துப் போ" என்று ஒரு வாழைப்பழம் வேறு கொடுத்தாள்!

பெண்பிள்ளைக்குச் "சும்மா" என்று ஒரு மணி நேரம் கிடையாது. கோயில் என்றால் உண்டு, டாக்டர் என்றால் உண்டு, கடை என்றால் உண்டு. ஆனால் ஓர் எண்ணை எழுதிச் சுவரில் மாட்டிவிட்டால், அந்த நேரத்துக்கும் ஒரு கௌரவம் வந்துவிடுகிறது. கணக்கு என்பது ஒரு கேட் பாஸ். 1991-92-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தார் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார்கள். கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பின்பலமாக நின்றார். பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். தண்ணீர் எடுக்க, பிள்ளையைப் பள்ளியில் விட, காய்கறி விற்க யாரையும் கெஞ்சாமல் போனார்கள். அவர்களுக்குக் கிடைத்ததும் வண்டி மட்டும் அல்ல. வாசற்படியைத் தாண்ட ஒரு காரணம்.

அந்த வழியில் எனக்கு ஒரு சிநேகிதி கிடைத்தாள். பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற பெண். அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிள். கியர் எதுவும் கிடையாது. என்னைச் சுலபமாகத் தாண்டிப் போய்விட்டு, இரக்கப்பட்டு வேகத்தைக் குறைத்துக்கொண்டாள்.

"தினம் எங்கேக்கா போறீங்க?"

"குரங்கணிக்கு. கிலோமீட்டர் எண்ணுகிறேன்."

"எண்ணி?"

இந்த ஒற்றைச் சொல்லுக்குப் பதில் தேடிக்கொண்டே ஒரு மைல் போனேன். பிறகு அவள் கணக்கைக் கேட்டேன். பள்ளிக்கூடம் ஆறு கிலோமீட்டராம். போக வரப் பன்னிரண்டு. மாதத்தில் இருபத்திரண்டு நாள் என்று வைத்தால் 264. "ஐயோ, அவ்வளவா!" என்று அவளே ஆச்சரியப்பட்டாள். அதுவரை அவள் எண்ணியதே இல்லை.

கணக்கு மாமியார் ஆன கதை

முதல் பத்து நாளில் 132 கிலோமீட்டர் ஓடியிருந்தது. பதினொன்றாம் தேதி மழை பிடித்தது. ஐப்பசி கடைசியில் மழை வராமல் வேறு எப்போது வரும்? காலண்டரில் 500 எழுதிய புத்திசாலி, அதே காலண்டரில் அது என்ன மாதம் என்று பார்க்கவில்லை! இருபதாம் தேதி இரவு கூட்டிப் பார்த்தால் மொத்தம் 212. பாக்கி 288. பத்து நாளில் ஒன்பது குரங்கணி!

அதற்குப் பிறகு நான் நானாக இல்லை. விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து மலைக்கு ஓடினேன். வழியில் சிநேகிதி, "அக்கா!" என்று கூப்பிட்டாள். கையை ஆட்டிவிட்டுப் போனேன், நின்றால் நேரமாகுமே! காப்பிச் செடியில் பழம் சிவக்கத் தொடங்கியிருந்தது, பார்க்கவில்லை. மேலேயிருந்து மூட்டை சுமந்து குதிரைகள் மணி குலுங்க இறங்கின. பாதையை மறைக்கின்றனவே என்று எரிச்சல் வந்தது. குரங்கணியில் டீயை வாயில் ஊற்றிக்கொண்டு உடனே திரும்பினேன். என் கண் ஹேண்டில் பாரில் மாட்டிய கைபேசியை விட்டு நகரவில்லை. வாசற்படி தாண்ட வழி பண்ணிக் கொடுத்த கணக்கு, இப்போது பின்னாலேயே வந்து, "இன்னும் என்ன நிற்கிறாய்?" என்று அதட்டும் மாமியார் ஆகிவிட்டது.

இருபத்தொன்பதாம் தேதி வரை எட்டுத் தடவை போய் வந்தேன். மொத்தம் 468. பாக்கி 32. அதாவது சரியாக ஒரு குரங்கணி. கையில் ஒரே ஒரு நாள்.

முப்பதாம் தேதி காலை முழுவதும் மழை. இரண்டரை மணிக்கு விட்டது. "இன்னிக்கு வேண்டாம், ஆத்தா" என்றாள் அத்தை. "ஒன்றே ஒன்று, அத்தை" என்று கிளம்பிவிட்டேன்.

பாதி வழியில் ஒரு டீக்கடை. நான் தினமும் தாண்டிப் போகிற கடை. அங்கே உட்கார்ந்திருக்கும் பாட்டியம்மாளை நான் பார்த்ததாகவே நினைவில்லை. அவர் மட்டும் என்னைத் தினமும் பார்த்திருக்கிறார். தூறல் ஆரம்பித்ததால் ஒதுங்கினேன்.

"மேலேயா போறே, தாயி?"

"ஆமாம் பாட்டி. தூறல்தானே, விட்டுவிடும்."

"இங்க தூத்தல். மேல கொட்டுது. ஆத்தைப் பாரு."

பார்த்தேன். காலையில் கண்ணாடி போல ஓடும் கொட்டகுடி ஆறு, பால் விடாத காப்பி மாதிரி நிறம் மாறி, சருகும் சுள்ளியுமாகப் பொங்கி வந்துகொண்டிருந்தது. மேலே மலையைக் காணோம். மேகம்தான் இருந்தது. ஒரு மாதமாக இந்த ஆற்றோடு கூடவே போய் வந்திருக்கிறேன். ஆறு சொல்கிற சேதியைப் படிக்க எனக்குத் தெரியவில்லை.

"இன்றைக்கு முடித்தாக வேண்டும், பாட்டி. முப்பத்திரண்டு கிலோமீட்டர் பாக்கி."

பாட்டி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்: "பாக்கியா? யாருக்கு?"

எனக்குப் பதில் வரவில்லை. கைபேசியைப் பார்த்தேன். அதில் எட்டு என்று காட்டியது. மேலே பெய்கிற மழை அதற்குத் தெரியாது. இறக்கத்தில் நனைந்த பிரேக் கட்டை எவ்வளவு பிடிக்கும் என்று தெரியாது. ஆறு மணிக்கு இந்த மலையடிவாரம் எவ்வளவு இருட்டும் என்பதும் தெரியாது. பாட்டிக்கு மூன்றும் தெரியும். இந்த மலைச் சரிவில் போனவர்களை நினைத்துக்கொண்டேன். தீயானாலும் தண்ணீரானாலும் மலைக்கு நம் நாள் கணக்கு தெரியாது.

ஒரு டீ குடித்தேன். நிதானமாக, உட்கார்ந்து குடித்தேன். அந்த ரஸ்தாவில் நான் உட்கார்ந்து குடித்த முதல் டீ அதுதான். பிறகு வண்டியைத் திருப்பினேன். போடிக்குள் நுழைந்த பத்தாவது நிமிஷம் மழை ஊரையும் பிடித்துக்கொண்டது. இரவு முழுவதும் விடவில்லை.

போக விரும்புகிறவர்களுக்கு

ஜனவரியில் போங்கள், மழை ஓய்ந்து வெயில் ஏறாத காலம். விடியலில் புறப்பட்டு மத்தியானத்துக்குள் திரும்பிவிடுங்கள். சைக்கிள் என்றால் கிளம்புமுன் பிரேக்கைப் பாருங்கள். ஏறுவதற்குக் கால் போதும், இறங்குவதற்கு அதுதான் வேண்டும். ஆற்றில் தண்ணீர் கலங்கியிருந்தால் கரையோடு நில்லுங்கள். குரங்கணிக்கு மேலே நடக்க ஆசையிருந்தால் வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் ஓர் அடி வைக்க வேண்டாம். 2024-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் குரங்கணி-சாம்பலாறு பாதையும் இருக்கிறது. முன்பதிவு செய்துகொண்டு போகலாம். தீக்காலத்தில் எந்தச் சாக்குச் சொல்லியும் போக வேண்டாம்.

அன்று இரவு காலண்டரில் கடைசிக் கட்டத்தில் 16 என்று எழுதிக் கூட்டினேன். மொத்தம் 484. பாக்கியும் 16. குரங்கணிக்கு ஒரு வழித் தூரம்.

அத்தை மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். "ஐந்நூறுக்கு நானூத்தி எம்பத்து நாலா? எங்க காலத்துல இது ஸ்கூல் ஃபர்ஸ்ட்! மூஞ்சியை ஏன் தூக்கி வச்சிருக்கே?" என்றாள்.

சிரிப்பு வந்துவிட்டது. அப்போதுதான் கவனித்தேன். பன்னிரண்டாம் தேதியிலிருந்து, என் சிவப்பு எண்களுக்குக் கீழே, அங்கங்கே பென்சிலால் சின்னச் சின்னப் புள்ளிகள்.

"இது என்ன, அத்தை? பால் கணக்கா?"

அத்தை அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அது ஒண்ணுமில்லே. சுப்பிரமணிய சாமி கோயிலுக்கு ஆட்டோவில போகாம நடந்து போன நாளு. பதினொண்ணு இருக்கும், எண்ணிப் பாரு."

எண்ணினேன். பதினொன்றுதான்.

"அடுத்த மாசக் காலண்டர்ல ஒம் பேனாவால எனக்கும் மேல ஒரு நம்பரு எழுதி வச்சிட்டுப் போ" என்றாள் அத்தை. "பென்சில்ல எழுதினா ஒங்க மாமா கண்ணுக்குத் தெரியமாட்டேங்குது."